சீனித்தாயின் சாப்பாட்டு நோட்டு

தொடர்ந்து மூன்றாவது வருடமாக மழை ஏமாற்றிய 2003-ல்தான் கோவில்பட்டியில் எங்கள் அலுவலகத்தைத் திறந்தார்கள். 'உணவு வழி உள்ள நலத் திட்டம், கரிசல் மண்டலச் செயலாக்கப் பிரிவு' என்பது அதன் முழுப் பெயர். பெயர்ப்பலகை வாசலைவிட நீளமாகப் போய்விட்டதால் அதை இரண்டாக அறுத்து, 'உணவு வழி' என்ற துண்டை வாசலுக்கு இந்தப் பக்கமும் மிச்சத்தை அந்தப் பக்கமும் மாட்டினார்கள். இந்தப் பக்கமாக வந்த ஆட்கள் ஏதோ ஓட்டல் என்று நினைத்து உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. அலுவலகத்துக்கு வாடகைக்குப் பிடித்திருந்த இடமே ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடம். சுவரில் இன்னும் சாம்பார் வாளி உரசிய தடம் இருந்தது.

நான் அங்கே தற்காலிகக் கணினி எழுத்தர். பெயர் யோகராஜ், அப்போது வயது இருபத்தாறு. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அதில் பாதி என் மேலேயே வருகிற கோபம் என்பதால் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

திட்டத்தின் அடிப்படை என்னவென்றால், மனிதன் தினமும் என்ன தின்கிறானோ அதற்குத் தக்கபடிதான் அவன் மனசு பயப்படும், பதறும், அல்லது அமைதியாக இருக்கும் என்பது. இதில் பொய் ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றில் காப்பியாகக் குடித்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். மீனும் கீரையும் பருப்பும் பழமும் தின்றால் மூளைக்கு நல்லது என்று உலகம் பூராவும் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். உண்மையான ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டுதான் நாங்கள் அத்தனையும் செய்தோம்.

திறப்பு விழாவில் இயக்குநர் முனைவர் சங்கரபாண்டி முக்கால் மணி நேரம் பேசினார். முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

"பயம் என்பது ஊட்டச்சத்துக் குறைபாடு," என்றார் இயக்குநர். "என் வீட்டு நாய்க்கு தினம் இரண்டு முட்டை, வாரம் இருமுறை ஈரல். நான்கு வருடமாக அது எதற்கும் பதறியதில்லை. அதே தெருவில் திரியும் நாய்களைப் பாருங்கள், ஒரு கல்லை எடுத்தாலே நடுங்குகின்றன. வித்தியாசம் எங்கே? உணவில். பசி என்பது வெறும் மனநிலை. நானே வாரம் ஒருநாள் இரவு உணவைத் தவிர்க்கிறேன். எனக்கு என்ன ஆகிவிட்டது?"

பேச்சு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு ஆளுக்கு ஓர் உணவு அட்டவணை கொடுத்தோம். ஏதோ வெளிநாட்டு அறிக்கையைப் பார்த்துத் தமிழாக்கியது. காலையில் ஓட்ஸ் கஞ்சியும் அக்ரூட் பருப்பும், பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் பழம், மதியம் ஆழ்கடல் மீன், மாலையில் அவித்த கீரை, படுக்கும் முன் இளஞ்சூட்டில் பால். அடியில் கட்டம் போட்டு, 'காப்பியைத் தவிர்க்கவும். அமைதியான சூழலில் அவசரமின்றி உண்ணவும்' என்று இருந்தது. அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, காத்திருந்த வேனைப் பிடிக்க அந்தப் பெண்கள் ஓடினார்கள்.

கருத்தப்பாண்டி வந்தது அதற்கு அடுத்த வாரம். புதூர்ப் பக்கத்து ஆள், ஆடு மேய்க்கிறவர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் முதுகுக்குப் பின்னால், அவர் சட்டையை ஒரு கையால் பிடித்தபடி அவர் மனைவி சீனித்தாய் நின்றாள்.

"இவளுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கி ஸார்," என்றார். "காலையில தீப்பெட்டியாபீஸ் வேன் வார சத்தம் கேட்டாலே கை கால் வெலவெலத்துப் போகுது. பிள்ளைக பள்ளிக்கூடம் போனா திரும்பி வராதுங்கா. நின்ன எடத்துலயே அழுதா. போன மாசம் ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா வெள்ள மாத்திரை கொடுத்தாவ. அதைப் போட்டா தூங்குதா, எந்திரிச்சு வேலைக்கிப் போறா. இப்பம் கேட்டா, மாத்திரையெல்லாம் உங்க ஆபீஸ்லதான் வாங்கணும்னு சொல்லுதாவ."

அது உண்மைதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டாக்டர் ஒருவர் வந்து மாத்திரை கொடுப்பார். ஆனால் திட்டத்தில் சேர்ந்து, பயிற்சி எடுத்து, நாற்பத்திரண்டு நாளைக்கு உணவுக் குறிப்பேடு எழுதுகிறவர்களுக்குத்தான் மாத்திரை. பதிவு செய்கிற மேஜையில் ஆலோசகர் பிரேமா இருந்தார்.

"சாப்பாடெல்லாம் எப்படிம்மா?"

"மூணு நேரமும் ஆச்சும்மா," என்றாள் சீனித்தாய். அன்று அவள் தெளிவாகச் சொன்னது அது ஒன்றுதான்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கம் 'சாப்பிட்டாச்சா' என்பது கேள்வியே இல்லை. வாங்க என்று சொல்வது மாதிரி அதுவும் ஒரு மரியாதை. அதற்கு 'ஆச்சு' என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அடுப்புப் பற்றவைத்து இரண்டு நாளான வீட்டு வாசலில் நின்று கேட்டாலும் 'ஆச்சு' என்றுதான் வரும். இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவர் சோறு போட வேண்டியதாகிவிடும். அவர் வீட்டுப் பானை எப்படி இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பிரேமா கும்பகோணத்துக்காரர். 'மூன்று வேளையும் முழு உணவு' என்று எழுதிக்கொண்டார்.

பயிற்சி வகுப்பு புதன்கிழமைகளில் நடந்தது. மேஜை மேல் பிளாஸ்டிக்கில் செய்த ஆப்பிள், முட்டை, மீன், கேரட் எல்லாம் வைத்திருப்போம். ஒவ்வொருவராக வந்து ஒன்றை எடுத்து, அதில் என்ன சத்து இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கடுத்து 'கவனமாக மெல்லுதல்'. ஒரு வாய் உணவை முப்பத்திரண்டு தடவை மென்றால் மனசு அடங்கும் என்பது பாடம். உணவுக்கு ஒதுக்கீடு வராததால் வாயில் ஒன்றும் இல்லாமலேயே மெல்லச் சொன்னோம். பிரேமா மணி அடிப்பார். நாற்பது பெண்கள், பொழுது விடியும் முன் பால் விடாத வரக்காப்பி குடித்துவிட்டு வந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று ஒன்றுமில்லாததை மென்றார்கள். ஒரு பெண் இருபதுக்கு மேல் மெல்ல முடியாமல் மயங்கி விழுந்தாள். பயிற்சிப் பதிவேட்டில் 'ஆழ்ந்த தளர்வு நிலை' என்ற பத்தியில் டிக் போட்டோம்.

குறிப்பேடு என்பது நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் வயலட் மையில் அரசாங்கக் கோபுர முத்திரை குத்தியிருக்கும். பென்சிலால்தான் எழுத வேண்டும், அலுவலர்கள் திருத்த வசதியாக. சீனித்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. கருத்தப்பாண்டி ஐந்தாம் வகுப்பு வரை போனவர், அதனால் அவர் எழுதினார். பதினைந்தாம் நாள் கொண்டுவந்து நீட்டினார். தேதி போட்டு, கோடு கிழித்து, குண்டு குண்டான எழுத்தில் அழகாக எழுதியிருந்தார். காலை ஆச்சு. மதியம் ஆச்சு. ராத்திரி ஆச்சு. நாற்பத்தைந்து ஆச்சு.

இயக்குநர் நோட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆச்சு என்பது உணவு வகை அல்ல. என் பட்டியலில் அது இல்லை. உங்கள் மனைவி என்ன சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாதா?"

கருத்தப்பாண்டி நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"தெரியாதே ஸார்."

"திருமணமாகி எத்தனை வருடம்?"

"பதினோரு வருசம் ஸார்." அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்குப் போட்டுத் தருவா. சாப்ட்டு ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிருவேன். அவ பொறவு சாப்பிடுவா. ஏட்டி, நீ சாப்ட்டியான்னு கேப்பேன் ஸார், தெனம் கேப்பேன். ஆச்சும்பா."

"இன்றிலிருந்து நீங்கள் இல்லக் கண்காணிப்பாளர்," என்று இயக்குநர் ஓர் அட்டையைச் சட்டையில் குத்திவிட்டார். "கேட்டதை எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். இது அரசு உத்தரவு."

அந்த மனிதர் வாழ்நாளிலேயே சொன்ன உருப்படியான வார்த்தை அதுதான். அவருக்கு அது தெரியாது.

அடுத்த முறை வந்த நோட்டைக் கணினியில் ஏற்ற நான்தான் திறந்தேன். இன்றைக்கும் அந்தப் பக்கங்கள் எனக்கு மனப்பாடம்.

'திங்கள் காலை. வரக்காப்பி ஒரு டம்ளர். வேனுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

திங்கள் மதியம். ஆபீசில் இருந்தாள். நான் பார்க்கவில்லை. சாயந்தரம் தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்தேன். சோறு வாசம் இல்லை. சும்மா கொண்டு போகிறாள். மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று.

திங்கள் ராத்திரி. எனக்கும் பிள்ளைகளுக்கும் போட்டாள். நீயும் உட்கார் என்றேன். பிறகு என்றாள். நான் எழுதணும் என்றேன். பானையை மறைத்தாள். எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

செவ்வாய் காலை. வரக்காப்பி.

செவ்வாய் மதியம். தூக்குச்சட்டி மோந்து பார்த்தேன். இல்லை.

செவ்வாய் ராத்திரி. பிள்ளைகள் வைத்த மிச்சம் இரண்டு வாய். சோறு ஊறின நீச்சத்தண்ணி.

புதன். வகுப்புக்கு வந்தோம். நீங்கள் மெல்லச் சொன்னீர்கள். அது கணக்கில் வருமா தெரியவில்லை.

வியாழன் ராத்திரி. என் சோற்றில் பாதியை அவள் கும்பாவில் வைத்தேன். அதை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். ஏன் என்றேன். அழுதாள். நானும்.'

'நானும்' என்பதை எழுதிவிட்டு அழிக்கப் பார்த்திருக்கிறார். சரியாக அழியவில்லை.

சென்னையில் ஒரு கம்பெனி செய்து கொடுத்த மென்பொருள் எங்களுடையது. பதினான்கு உணவு வகைக்குப் பதினான்கு எண், வரக்காப்பிக்கு எண் கிடையாது. தட்டிக்கொண்டே போக வேண்டும். நான் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் சீனித்தாய்க்குச் சைபர், சைபர் என்று தட்டினேன். மூன்றாவது சைபரில் கணினி கீச்சென்று கத்தியது. அவள் பெயர் சிவப்பாக மாறி, பக்கத்தில் 'பயனாளி இறந்துவிட்டார். மாத்திரை ஒதுக்கீடு ரத்து' என்று வந்தது. தொடர்ந்து மூன்று வேளை ஒருவர் எதுவுமே சாப்பிடாமல் இருப்பார் என்று அந்தக் கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றவில்லை. செத்தவர்கள்தான் சாப்பிட மாட்டார்கள் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

நான் இயக்குநரிடம் ஓடினேன்.

"கணினி தவறு செய்யாது," என்றார். "உயிரோடு இருந்தால் சாப்பிட்டிருப்பார். சாப்பிடவில்லை என்றால் உயிரோடு இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் அரசு ஏற்கும்."

"அன்னா அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்காளே ஸார்," என்றார் கருத்தப்பாண்டி.

"உட்கார்ந்திருப்பது ஆதாரம் ஆகாது. கிராம நிர்வாக அலுவலரிடம் உயிர்வாழ் சான்று வாங்கி வாருங்கள்."

ஆட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு அவர் மூன்று நாள் அலைந்தார். கிராம நிர்வாக அலுவலர் சீனித்தாயை நேரில் வரச் சொல்லி, மேலும் கீழும் பார்த்து, வெள்ளிக்கிழமையன்று அவள் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுத்தார். இயக்குநர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில் வெள்ளிக்கிழமை உயிரோடு இருந்ததாகத்தான் இருக்கிறது. இறந்தது நோட்டில் உள்ள திங்கட்கிழமை. அந்தத் திங்கள் முதல் இந்த வெள்ளி வரைக்கும் சான்று எங்கே?"

"அப்பமும் உசுரோடதான் ஸார் இருந்தா. செத்திருந்தா எனக்குத் தெரியாதா?"

"அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதே பதினோரு வருடமாக உங்களுக்குத் தெரியவில்லையே," என்றார் இயக்குநர். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அதை ஒரு வாதமாக வைத்தார்.

கருத்தப்பாண்டி வெளியே வந்து என் மேஜை முன்னால் நின்றார். மாத்திரை தீர்ந்து ஐந்து நாளாகியிருந்தது. பெஞ்சில் சீனித்தாய் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை வெளியே விட்டால் ஆடும், அதனால். தீப்பெட்டி ஆபீசில் அவளுக்கு மரச் சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. கை நடுங்கினால் குச்சி நிற்காது, குச்சி நிற்காவிட்டால் வேலை நிலைக்காது. அன்றைக்கு அவர் எனக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். என் அப்பா வயதில் முக்கால்வாசி இருக்கும் மனிதர்.

"நீங்க பாத்து ஏதாச்சும் செய்யுங்க ஸார். இவ உசுரோட இருக்கான்னு மட்டும் அந்த மெஷினுக்குச் சொல்லிருங்க."

சொன்னேன். திங்கள் காலை என்ற கட்டத்தில் ஒன்பதைத் தட்டினேன். ஒன்பது என்றால் ஆழ்கடல் மீன். ஏன் ஒன்பது என்று கேட்டால் காரணம் கிடையாது. என் விரல் அங்கே இருந்தது. சிவப்பு போய்ப் பெயர் பச்சையானது. சீனித்தாய் உயிர்பிழைத்தாள். சந்தோஷத்தில் நோட்டு முடியும் வரைக்கும் மூன்று வேளையும் ஒன்பதாகவே தட்டினேன். அன்றைக்கு டாக்டர் வருகிற நாள், மாத்திரை கிடைத்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நானும் வீட்டுக்குப் போனேன். பிறகு வந்த நோட்டுக்கும் அதையே செய்தேன். இந்த முறை நோட்டில் சில வேளைகளில் கம்பங்கூழ் இருந்தது, சோளச்சோறும் வெங்காயமும் இருந்தது. நான் வாசிக்கக்கூட இல்லை. மீன்தான் பத்திரம் என்று மீனாகவே போட்டேன்.

மாதக் கடைசியில் அறிக்கை வந்தபோது, கரிசல் மண்டலத்திலேயே அதிக மீன் உண்ட பெண் சீனித்தாய். என்ன சாப்பிட்டார்கள் என்பதை வைத்தே மனப் பதற்றம் எவ்வளவு என்று அந்த மென்பொருள் தானாகக் கணக்கிட்டுக்கொள்ளும். ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. அவளுடைய கோடு மேலேயிருந்து சறுக்கி அடித்தளத்தில் வந்து படுத்திருந்தது. கீழே, 'முழுக் குணம். மாத்திரை தேவையில்லை' என்று அச்சாகியிருந்தது.

நான் இயக்குநர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மீன் நான் போட்டது, அந்தப் பெண் மீனைக் கண்ணால் பார்த்தே வருஷமாகியிருக்கும், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படுவார், வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"தம்பி, மீனை இனிமேல் திரும்பப் பெற முடியாது. அறிக்கை சென்னைக்குப் போய்விட்டது. குணமானவரை மறுபடி நோயாளி ஆக்கினால் திட்டம் தோற்றதாக அர்த்தம். ஒரு தனிநபருக்காக ஒரு மண்டலத்தின் மன நலத்தைப் பலி கொடுக்கலாமா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. வீட்டில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் சமாதானம்தான்.

நிறைவு விழாவில் சீனித்தாய்க்கு 'முன்மாதிரிப் பயனாளி' பட்டம். மேடையில் நடு நாற்காலியில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடைக்குள் அவள் உடம்பு நடுங்குவது முன் வரிசை வரைக்கும் தெரிந்தது. குணமான மகிழ்ச்சியில் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று அறிவித்தார்கள்.

"கடலையே பார்த்திராத ஓர் ஆடு மேய்ப்பவரின் மனைவி," என்று இயக்குநர் குரலை உயர்த்தினார். "வறட்சி, வறட்சி என்று சிலர் புலம்புகிறார்களே, அந்த வறட்சியிலும் வேளை தவறாமல் ஆழ்கடல் மீன் உண்டிருக்கிறார்! ஆக, இல்லாதது உணவு அல்ல, விழிப்புணர்வுதான் என்று நிரூபணமாகிவிட்டது. நம் கடமையும் இத்துடன் முடிந்துவிட்டது." பிறகு ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்கள் அம்மா. இன்று சாப்பிட்டீர்களா?"

சீனித்தாய் கூட்டத்தில் புருஷனைத் தேடினாள். அவர் கதவோரம் நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார்.

"ஆச்சு ஸார்," என்றாள்.

கை தட்டல் ஓய வெகுநேரம் ஆனது. விருந்தினர்களுக்கு மாடியில் பிரியாணி. பயனாளிகளுக்கு அதே அட்டவணையைக் கண்ணாடித்தாள் ஒட்டி, கெட்டியாக்கிக் கொடுத்தோம். போகும்போது நோட்டுகளையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டோம். அரசு ஆவணம், பத்து வருடம் பாதுகாக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, நாங்கள் மேஜை நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கருத்தப்பாண்டி வந்தார். மாத்திரை கேட்கத்தான் வந்திருப்பார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நேரே இயக்குநரிடம் போனார்.

"ஸார், ஒரு நோட்டு வேணும்."

"எதற்கு? திட்டம்தான் வெற்றிகரமாக முடிந்துவிட்டதே."

"இவ நோட்டு இருந்தாத்தான் ஸார் சாப்பிடுதா," என்றார். "நான் எழுத ஆரம்பிச்ச பொறவு, கவர்மெண்டுக்குப் பதில் சொல்லணும்ட்டி, ஒரு வாயாவது தின்னுன்னு சொல்லுவேன். நோட்டைத் தொறந்து அந்த முத்திரையைக் காட்டுனா பேசாம உக்காருவா. பயந்துக்கிட்டேதான் திம்பா, ஆனா திம்பா. இப்பம் நோட்டு இல்லன்னு தெரிஞ்சதும் பழையபடி பொறவு, பொறவுங்கா. கடையில ஒரு நோட்டு வாங்கிக் காட்டுனேன். இதுல கோபுரம் இல்லையேங்கா ஸார். மாத்திரை வேண்டாம். முத்திரை போட்ட நோட்டு ஒண்ணு கொடுங்க, போதும்."

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். யோசித்துவிட்டு, "நோட்டு கொடுத்தால் திட்டம் தொடர்வதாக ஆகிவிடும்," என்றார். "தொடர்ந்தால் முடிந்ததாகக் கொடுத்த அறிக்கை பொய்யாகிவிடும். அரசு பொய் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வெற்று நோட்டுகள் அதற்கு முன்தினமே எண்ணிக் கட்டிச் சென்னைக்குப் போய்விட்டன. எழுதிய நோட்டுகள்தான் சாக்கில் கிடந்தன. சாக்கை அவிழ்த்துத் தேடி, சீனித்தாயின் நோட்டை எடுத்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்ப் பேருந்து நிறுத்தத்தில் அவர் கையில் கொடுத்தேன்.

"பூரா எழுதிருக்கு அண்ணாச்சி," என்றேன்.

அவர் ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "பென்சில்தான ஸார்," என்றார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் ஊருக்குப் போனேன். அப்போது நான் ஒரு நூற்பு மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. அந்த ஒன்பதுகள் என்னைச் சும்மா இருக்க விடவில்லை, அவ்வளவுதான். தரிசாகக் கிடந்த கரிசல் வெடித்து, வெடிப்பில் கால் போகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. முன்பு இருபது உருப்படி இருந்த பட்டியில் மூன்று ஆடுகள் நின்றன.

"வாங்க ஸார். சாப்பிட்டாச்சா?" என்றாள் சீனித்தாய்.

"ஆச்சும்மா," என்றேன். நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவள் இப்போது தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை என்று நிறுத்திவிட்டார்களாம். படபடப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இருக்கு ஸார். பகல்ல முன்னைக்கு இப்பம் கொஞ்சம் கொறவு. வேன் சத்தம் கேட்டா மட்டும் வந்துருது," என்றாள்.

கருத்தப்பாண்டி என்னைப் பார்த்து இலேசாகக் கண்ணைக் காட்டினார். "ஏட்டி, ஸாரு பரிசோதனைக்கு வந்திருக்காவ. உக்காரு," என்றார்.

அவள் அவசரமாக உட்கார்ந்தாள். அவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்து தரையில் வைத்தார். தினமும் எழுதி, மறுநாள் அழிரப்பரால் அழித்து, அதன் மேலேயே மறுபடி எழுதியிருக்கிறார். தாள் வெங்காயச் சருகாகிவிட்டது. இரண்டு மூன்று இடத்தில் ஓட்டை விழுந்து அடுத்த பக்கம் தெரிந்தது. கோபுர முத்திரை இருந்த இடத்தை மட்டும் ரப்பர் படாமல் சுற்றிச் சுற்றி அழித்திருந்தார். வயலட் மை இன்னும் பளிச்சென்று இருந்தது.

கும்பாவில் கம்பங்கூழ், பக்கத்தில் இரண்டு சின்ன வெங்காயம். அவள் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஸார், இன்னும் எத்தனை நாளைக்கு எழுதணும்?"

"ஏம்மா?"

"பிள்ளைகளுக்குப் பத்த மாட்டேங்கு ஸார். நான் இப்படி உக்காந்து திங்கது எனக்கே நல்லாயில்ல. கவர்மெண்டுல போதும்னு சொல்லிட்டா நிறுத்திக்கிடுவேன்."

அந்த அலுவலகத்தில் இருந்தபோதும் எனக்கு அதிகாரம் என்று ஒன்றும் இருந்ததில்லை. இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, இயக்குநர் மாதிரி குரலைக் கனமாக்கிச் சொன்னேன்.

"மேலிடத்து உத்தரவும்மா. மறு உத்தரவு வார வரைக்கும் விடாம சாப்பிடணும். நிறுத்தினா உங்க வீட்டுக்காரர்கிட்டதான் விளக்கம் கேப்பாங்க."

"அப்பம் சரி ஸார்," என்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் குனிந்து சாப்பிட்டாள். கும்பாவை வழித்து, தண்ணீர் ஊற்றி அலசிக் குடித்தாள். கருத்தப்பாண்டி ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். 'மதியம். கம்பங்கூழ். வெங்காயம் இரண்டு. முழுக்கச் சாப்பிட்டாள். பார்த்தேன்.'

எழுதும்போது அவர் குனிந்திருந்ததில் சட்டை தோளிலிருந்து நழுவியது. கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. அலுவலகத்துக்கு வந்த ஆளில் பாதிதான் இருந்தார். கூழ்ப்பானை அடுப்போரமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"நீங்க சாப்பிடலையா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் நோட்டை மூடி, முத்திரை கலையாமல் ஒரு துணியில் சுற்றினார்.

"எனக்கு அப்பமே ஆச்சு ஸார்," என்றார்.